யாரும் சுடாத துப்பாக்கி

வியாழக்கிழமை மதியம், மூடுபனி இன்னும் விலகாத நேரத்தில், ஸ்டாமென் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தான். எண்ணெய் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து அடித்தன. கடைக்காரன் செக்கோ மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சா அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான். எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு எழுந்தான்.

"புதுசா, பழசா அண்ணே?"

எளிய கேள்விதான். ஆனால் மூன்று வருடமாகத் துப்பாக்கி என்ற சொல்லே ஸ்டாமெனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

மூன்று வருடத்துக்கு முன் காட்டுப்பன்றி வேட்டையில் ஆறாம் நம்பர் இடத்தில் நின்றவன் ஸ்டாமென், ஏழாம் நம்பரில் நின்றவன் ராங்கெல். ஸ்டாமெனின் தோட்டா ராங்கெலைக் கொன்றது. வேட்டை முடிந்து கொம்பு ஊதும்வரை நின்ற இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது என்பது ஸ்ட்ராஞ்சா மலையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விதி. ராங்கெலோ தன் இடத்திலிருந்து முப்பது தப்படி முன்னால், குண்டு பாயும் வழியில் கிடந்தான். தப்பு செத்தவன் மேல் என்று கோர்ட்டு சொன்னது, ஊரும் சொன்னது. வேட்டையில் செத்தவன் வீட்டுக்கு ஒவ்வொரு வேட்டையிலும் ஒரு பங்கு இறைச்சி போகும். இடத்தை விட்டு நகர்ந்தவன் வீட்டுக்கு எலும்புகூடப் போகாது. ராங்கெலின் மனைவி பென்காவுக்கும் எதுவும் போகவில்லை.

ராங்கெல் நகரவே இல்லை. ஓடும் பன்றியைக் குறிபார்த்தபடியே குழலை ஆட்கள் நின்ற வரிசையோடு திருப்பியவன் ஸ்டாமென்தான். கொம்பு ஊதுவதற்குள் உடலை இழுத்து முன்னால் போட்டவனும் அவனே. அது அவனையும் அந்தக் காட்டையும் தவிர யாருக்கும் தெரியாது.

இப்போது பறிபோன துப்பாக்கி உரிமம் திரும்பி வந்துவிட்டது. சனிக்கிழமை சீசனின் முதல் வேட்டை. யார் கையால் உயிர் போனதோ அவன் திரும்பி வரும்போது முதல் நாள் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும், ஊர் வழக்கம் அப்படி. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு 'ஏன்' போதும் அவனைத் தொலைக்க.

"பழசே எடுத்துக்கோங்க அண்ணே," என்றான் செக்கோ. "புதுசு புது மாப்பிள்ளை மாதிரி, எப்ப என்ன கிறுக்கு பண்ணும்னு சொல்ல முடியாது. பழசு தன் கிறுக்கையெல்லாம் வேற எவன்கிட்டயோ காட்டி முடிச்சிருக்கும்."

பழைய துப்பாக்கிகளின் வரிசையிலிருந்து ஒன்றை உருவினான். குழலைக் கழற்றி ஒரு கயிற்றில் தொங்கவிட்டான். "நல்ல குழலா இருந்தா மணி மாதிரி பேசும், பாருங்க." நகத்தால் சுண்டினான்.

ணங்...

ஸ்டாமென் குழலைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த துப்பாக்கியின் மரக்கட்டையைப் பார்த்தான். பிடியில் விரிசல் விட்ட இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ராங்கெல் தன் கையால் சுற்றிய கம்பி. எந்நேரமும் வால்நட் எண்ணெய் பூசிப் பூசி, கட்டை கருத்துப்போயிருந்தது.

"ஒரு பொம்பள கொண்டாந்து வெச்சுட்டுப் போச்சு. உங்க தோளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்."

ணங் என்ற ஒலி அடங்கவே இல்லை. பல்லுக்குள் வந்து அதிர்ந்தது.

"நிறுத்துய்யா அத!"

"எத? அது எப்பவோ நின்னுடுச்சே அண்ணே."

செக்கோ மறுபடி பானித்சாவைக் கடித்துக்கொண்டிருந்தான். கயிற்றில் குழல் அசையாமல் தொங்கியது.

"புதுசு குடு," என்றான் ஸ்டாமென். "எவன் கையும் படாததா குடு."

"தொழிற்சாலையில சோதிச்சதோட சரி. அதுக்கப்புறம் யாரும் சுடல." கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை வைத்த துருக்கித் துப்பாக்கியைப் பெட்டியோடு நீட்டினான். அது வெறும் இரும்பு நாற்றம் அடித்தது. ஸ்டாமெனுக்கு அந்த நாற்றம் அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டில் மனைவி தோப்ரினாவுக்கும் நிம்மதி. "நல்லவேளை, செத்தவன் வெச்சிருந்தது எதையும் வீட்டுக்குள்ள கொண்டு வரல நீங்க."

வெள்ளிக்கிழமை காலை குழலுக்குள் துணியை விட்டு இழுத்தான். கரி மாதிரி வந்தது. மூக்கருகே கொண்டுபோனான். எரிந்த வெடிமருந்து வாடை. துடைத்தான். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தான். காபி குடித்துவிட்டு வந்து மறுபடி துணியை விட்டான்.

கரி.

கூடவே இன்னொரு வாசனை. பிளாஸ்டிக் கட்டையில் வால்நட் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

கடைக்கு ஓடினான். செக்கோ குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.

"என்னண்ணே இது? பத்து வருஷம் சுட்ட துப்பாக்கி மாதிரி இருக்கு. ஊரையே சுட்டீங்களா?"

"ஒரு தோட்டாகூடப் போடலடா!"

செக்கோ துப்பாக்கியில் பொறித்த வரிசை எண்ணைச் சரிபார்த்தான். அவன் விற்றதேதான். தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் கம்பி சுத்துன பழசு இருக்கே, இன்னிக்குக் காலையில பார்த்தேன். உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. பெட்டியிலேருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி. மாத்திக்கிறீங்களா?"

ஸ்டாமென் கறுப்புத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். எதை வாங்கினாலும் ராங்கெலுடையதைத்தான் வாங்குவோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பீச் மரக்காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வேட்டைத் தலைவர் யனாக்கி ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டே வந்தார்.

"ஆறாம் நம்பர் உனக்கு. ஏழு காலி. மூணு வருஷமா அங்க யாரையும் நிறுத்தறதில்ல." தோளில் தட்டினார். "பயப்படாதடா. தப்பு உன் மேல இல்ல."

அந்த வார்த்தை வேறு குத்தியது.

அவர் காலடி ஓசை தேய்ந்தது. நாய்கள் பள்ளத்தாக்கில் குரைத்தன, பிறகு அதுவும் தூரமாகிவிட்டது. இலைகளிலிருந்து ஈரம் சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

ஏழாம் நம்பர் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஸ்டாமென் மூச்சை அடக்கினான்.

இரண்டு தோட்டாக்கள், ஒன்றன்பின் ஒன்றாக, குழலுக்குள் நழுவும் சத்தம். 'டக்' என்று குழல் மூடியது.

அவன் கட்டைவிரலுக்கடியில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். கறுப்புப் பிளாஸ்டிக் பிடியில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

ஓடலாம். ஓடினால் இடத்தை விட்டவன் ஆவான். நின்றாலோ கை சொன்னபடி கேட்கவில்லை. குழல் மெல்லத் திரும்பியது, வரிசையோடு, ஏழாம் நம்பரை நோக்கி, அன்று திரும்பிய அதே திசையில். விரல் விசையைத் தேடிப் போனது.

"வேணாம்..." என்று முனகினான். முழு பலத்தோடு துப்பாக்கியை மடக்கித் திறந்தான்.

அவன் போட்ட இரண்டும் சுடாத தோட்டாக்கள். வெளியே விழுந்தவை வெறும் கூடுகள். புகைந்துகொண்டிருந்தன.

ஈர இலையில் உட்கார்ந்தான்.

"ராங்கெல், நீ நின்ன எடத்துலயேதான்டா நின்ன. நான்தான் சுட்டேன். நான்தான் இழுத்தேன். என்னை விட்டுடு."

பனி அசைந்தது. காதுக்குப் பக்கத்தில், சூடான மூச்சோடு, வால்நட் வாசனையோடு ஒரு குரல்.

"சத்தமாச் சொல்லு."

தூரத்தில் கொம்பு ஊதியது.

மதியம் ஓடைக்கரையில் பங்கு பிரித்தார்கள். இரண்டு பன்றி, ஒன்பது பேர். யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக யனாக்கி பங்குகளுக்கு முதுகைக் காட்டி நின்றார். வெட்டியவன் ஒவ்வொரு குவியலாகக் கை வைத்து "இது யாருக்கு?" என்று கேட்க, அவர் திரும்பாமலே ஒரு பேரைச் சொன்னார். சிரிப்பும் கிண்டலும் ராக்கியாச் சாராயமுமாக ஒன்பது பெயர்களும் முடிந்தன.

"இது யாருக்கு?"

சிரிப்பு நின்றது. கீழே பத்தாவது குவியல் இருந்தது.

"கணக்கு தெரியாதாடா உனக்கு?" என்றார் யனாக்கி.

"ஒம்பதுதான் வெட்டுனேன், சத்தியமா," என்றான் வெட்டியவன். அவன் முகம் வெளுத்திருந்தது.

ஸ்டாமென் வாயைத் திறந்தான். "ராங்கெல் வீட்டுக்கு."

"எடத்த விட்டவனுக்கு ஏதுடா பங்கு?"

"விடல!" அவன் குரல் ஓடைக்கு அந்தப்புறம் போய் மோதியது. "அவன் அசையல! நான்தான் அவனை நின்ன எடத்துல வெச்சு சுட்டேன், நான்தான் இழுத்து முன்னால போட்டேன்! மூணு வருஷமா அவன் பேரைக் கெடுத்து வெச்சிருக்கேன்!"

யனாக்கி திரும்பினார். அவர் அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. ராங்கெலின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் அவர்.

"பங்க எடு," என்றார். "நீயே கொண்டுபோய்க் குடு. நான் போலீசோட பின்னால வர்றேன்."

துப்பாக்கியைத் தொட எவனும் முன்வரவில்லை. ஸ்டாமென் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறைச்சியை இரு கையிலும் ஏந்தி நடந்தான். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் மூன்று வருடத்தில் முதல்முறையாக மார்பில் கனம் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

பென்கா கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை, அழவில்லை. இறைச்சியை வாங்கிக்கொண்டாள்.

"துப்பாக்கிய இங்க வெச்சுட்டுப் போ தம்பி."

"அண்ணி, அத போலீசுல ஒப்படைக்கணும்."

"வெச்சுட்டுப் போ. வேட்டைக்குப் போயிட்டு வந்தா அவரு அத தொடைக்காம விட மாட்டாரு. உனக்குத் தெரியாதா?"

பென்கா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்து, சாதாரணமாக, தினமும் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, கொண்டு வந்துட்டான். வந்து வாங்கிக்கோங்க."

உள்ளே ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபட்டது. ஈரப் பூட்ஸ்கள் பலகைத் தரையில் மெல்ல மெல்லக் கதவை நோக்கி வரத் தொடங்கின.