மைநாடி சொன்ன நேரம்

மைநாடி வந்த பிறகு ஊரில் நிம்மதியாக இருந்தவர்கள், பேனாவைத் தொட்டே பார்க்காதவர்கள் மட்டும்தான்.

சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. எந்த மையும் காயும்போது அந்த நேரத்துக் காற்றைத் துளியளவு தன் பிசினுக்குள் பூட்டிக்கொள்கிறது. மைநாடி அந்தப் பூட்டைத் திறந்து, கோடு இழுத்த வருடம், மாதம், மணி வரை ஒப்பித்துவிடும். மடிப்பாக்கத்தில் ஒருவர் மனைவியை நினைத்து உருகி எழுதியதாக இருபது வருடம் பீற்றிக்கொண்ட கவிதை, அந்த அம்மாளைப் பார்ப்பதற்கு மூன்று வருடம் முன்பே காய்ந்திருந்தது. மனிதர் இன்னும் மொட்டைமாடியில்தான் படுக்கிறார். ஒரே வாரத்தில் நாலாயிரம் மருத்துவச் சான்றிதழ்கள் காய்ச்சலுக்கு முன்பே எழுதப்பட்டவை என்று தெரியவர, காய்ச்சல் என்ற நோயே தமிழ்நாட்டை விட்டு ஓடிப்போனது.

இதையெல்லாம் படித்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களில் முனைவர் நாச்சியப்பனும் ஒருவர். குருமுகி என்னும் பஞ்சாபி எழுத்துச் சுவடிகளுக்குக் காலம் கணிப்பதில், கன்னியாகுமரியிலிருந்து அமிர்தசரஸ் வரை அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். பேரைப் பரப்பியதில் பாதி அவரே.

அன்று காலை சுவடிக் காப்பகத்தின் அரங்கு நிறைந்திருந்தது. எல்லோரும் சீக்கிய முறைப்படி தலையை மூடிக்கொண்டு, காலணியை வெளியே விட்டு வந்திருந்தார்கள். மேடையில் பட்டுத் துணியில் ஒரு சுவடிப் பொதி. சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தம் தொகுக்கப்படுவதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1595இல் எழுதப்பட்ட பாடல் தொகுப்பு என்று, முப்பத்தொரு வருடத்துக்கு முன் நாச்சியப்பன் சான்றிதழ் கொடுத்த பொதி. அவருக்குப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி போட்டுத் தந்ததே அதுதான்.

கொண்டுவந்திருந்தவர் சத்வந்த் கவுர். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி உதிரிபாகக் கடை நடத்துகிறவர்.

"நீங்க சொன்னது போதும் சார் எங்களுக்கு. பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து நச்சரிக்கிறா, மிஷின்ல ஒருதபா காட்டிடும்மான்னு."

"காட்டிடுவோம்மா. அதுக்கும் நாலு விஷயம் தெரியட்டும்" என்றார் நாச்சியப்பன். அரங்கு சிரித்தது.

கருவியை இயக்கும் ஆக்னஸ், கடைசி ஏட்டிலிருந்த தேதி வரியின் மேல் மைநாடியைப் பிடித்தாள். திரையில் எண் எழுந்தது: 1849.



நாச்சியப்பனுக்குக் காது மடல் சுட்டது. படியெடுப்பவர் பக்திக்காரர், மூலத்தில் உள்ள ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார், தேதி வரியையும் சேர்த்தே எழுதிவிடுவார். ஆகவே தேதியை நம்பாதே. இது அவர் தம் மாணவர்களுக்கு முதல் நாள், முதல் மணியில் நடத்தும் பாடம்.

"இது நகல்னா, எதைப் பாத்து எழுதினது சார்?" என்று கேட்டார் சத்வந்த்.

நாச்சியப்பன் சான்றிதழ் கொடுத்த நாளில் அந்தப் பட்டுத் துணியில் இரண்டு பொதிகள் இருந்தன. இரண்டாவது நனைந்து ஒட்டிப்போனது. 'பிற்கால நகல், ஆய்வுக்குரியதன்று' என்று அதற்கும் சான்றிதழில் ஒரு வரி கொடுத்திருந்தார். சத்வந்தின் அப்பா அந்த வரியை நம்பினார். இனிப் படிக்க முடியாத புனித நூலை மனிதருக்குச் செய்வதுபோல் மரியாதையாக எரியூட்டுவது சீக்கியர் வழக்கம். சென்ட்ரல் வரை தலையில் சுமந்து, இரண்டு நாள் ரயிலில் மடியில் வைத்துப் பஞ்சாபுக்குக் கொண்டுபோய் எரியூட்டினார்.

ஆக்னஸ் பட்டுத் துணியின் மடிப்பை நீவினாள். நகக்கண் அளவில் ஒரு காகிதத் துணுக்கு அங்கே ஒட்டியிருந்தது. அதில் அரை எழுத்து. மைநாடி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. 1595, பங்குனி மாதம்.

எரிந்ததுதான் மூலம்.

"நனைஞ்ச பொதியைப் பார்த்துக் கணிக்கிறது லேசில்லம்மா" என்று நாச்சியப்பன் தொடங்கினார். "மூணு மணி நேரம் ஏடு ஏடாப் பிரிச்சுப் பார்த்தும்..."

சான்றிதழும் அந்தத் துணிக்குள்தான் இருந்தது. மைநாடிக்கு இங்கிதம் கிடையாது. பக்கத்தில் எந்த மை கிடந்தாலும் படித்துவிடும். 2040 மார்ச் 14, காலை எட்டு மணி பத்து நிமிடம்.

சத்வந்த் நெற்றியைச் சுருக்கினார். "நீங்க வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு சார். காலேஜ்லேர்ந்து வந்து நான்தான் டீ போட்டேன். அப்பா உங்க கைய அலம்பச் சொல்லித் துண்டு குடுத்தாரு." பிறகு ஆக்னஸ் பக்கம் திரும்பினார். "மிஷின் தப்பும்மா. சார் பொய் சொல்லமாட்டாரு."

திட்டியிருந்தால் நாச்சியப்பன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. எழுபத்தொரு வயதில், நானூறு பேர் முன்னால், பள்ளிக்கூடத்தில் நிஜாரை நனைத்துக்கொண்ட பிள்ளையைப்போல் நின்றார். சத்வந்தின் அப்பா முன்கூட்டியே அனுப்பியிருந்த புகைப்படங்களில் தேதி வரியைக் கண்டதும் துள்ளிக் குதித்து, விடுதி அறையில் இட்லி வருவதற்குள் எழுதி முடித்த சான்றிதழ் அது. இரண்டாவது பொதியின் முடிச்சை அவர் அவிழ்க்கவே இல்லை.

"ஒரு தாள் கொடும்மா" என்றார் ஆக்னஸிடம்.

பக்கத்து அறைக்குப் போய் எழுதினார். திரும்பி வந்து தாளைச் சத்வந்திடம் நீட்டினார். அதில் ஒரே வரி: 'நான் பார்க்காமலே எழுதினேன்.' கீழே கையெழுத்து. பழக்கதோஷத்தில் தேதி போடப் பேனாவைத் திறந்தார்.

"வேணாம் சார்" என்றார் சத்வந்த். "அது பாத்துக்கும்."

நாச்சியப்பன் தாளை மைநாடியின் கீழே வைத்தார். எண்கள் ஓடின. இன்று, காலை பதினொன்று முப்பத்திரண்டு: 'நான்'. அதற்கடுத்த சொல் காய்ந்தது பதினேழு நிமிடம் கழித்து.

அரங்கு அந்தப் பதினேழையே பார்த்தது. சத்வந்த் தாளை நாலாக மடித்து, காலியாக இருந்த மடிப்பில், அந்த அரை எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துத் துணியை முடிந்தார்.

"மிஷின் தப்புதான் சார்" என்றார் மெதுவாக. "பதினேழு நிமிஷம் இல்ல, முப்பத்தோரு வருஷம் ஆச்சு."