கோசோங் மிதிவண்டி

1978ஆம் ஆண்டு, நவம்பர் எட்டாம் நாள், புதன்கிழமை. காலையில் மூடுபனி, பத்து மணியளவில் இரக்கப்பட்டாற்போல் சிறிது வெயில், நண்பகலுக்குப் பின் மழை... மழை... மழை மட்டுமே.

அந்த மழையில், தானா ராத்தா மலைநகரின் கடைத்தெருவில் ஒரு பழைய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் பவளம். தேயிலைத் தோட்டத்து மருத்துவமனைக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உதவித் தாதி அவள். தொழிலாளர் குடியிருப்பான லயங்கள்தோறும் சென்று பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவர அவளுக்குச் சொந்த மிதிவண்டி வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணியார் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை உறுதி. இல்லையேல் தேர்வுப் பட்டியலில் அடுத்த இடத்தில் இருக்கும் வேலம்மாவுக்கு அது போய்விடும்.

மீரான் நானாவின் தேநீர்க் கடையை ஒட்டினாற்போல் மிதிவண்டிப் பட்டறை இருந்தது. அங்கே சக்கரமொன்றைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்த செல்லையா தலை நிமிர்ந்தான். இமைகளில் மழைத்துளி தொங்க நின்றவளைக் கண்டான்... சக்கரம் தன் விருப்பத்துக்குச் சுழன்றுகொண்டே இருந்தது.

“துரு புடிச்சிருக்குங்க. பழசச் சுரண்டிட்டுப் புதுசா சாயம் அடிக்கணும். சனிக்கிழம வேணும்” என்றாள் பவளம்.

“என்னா கலரு?”

அதே நொடியில் மீரான் நானாவும் குரல் கொடுத்தார். “தங்கச்சி, தே எப்படிம்மா?”

“பச்ச!” என்று பட்டறைக்கும், “கோசோங்!” என்று கடைக்கும் ஒரே மூச்சில் விடை பகர்ந்தாள் அவள். முதற்சொல்லை, தெருவில் சென்ற காய்கறி லோரியின் ஊதல் விழுங்கிவிட்டது. ‘வெறும்’ என்று பொருள்படும், தேநீர்க் கடையில் பாலும் சீனியும் இல்லாத தேநீரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான இரண்டாம் சொல் மட்டும் செல்லையாவின் செவியில் தெளிவாக விழுந்தது. மறுமுறை கேட்டிருக்கலாம். ஆனால், அந்தக் கண்களைப் பார்த்தபின் கேள்வி எங்கே வரும்?

சனிக்கிழமை பிற்பகல் பவளம் வந்தாள். பட்டறை வாயிலில் திகைத்து நின்றாள்.

“என்னாங்க இது? என் சைக்கிளு எங்க?”

“இதான்.”

“அம்மணமால்ல நிக்குது!”

“கோசோங்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஐயோ, அது தேத்தண்ணிக்கு லா! சைக்கிளுக்கு யாராச்சும் கோசோங் சொல்வாங்களா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா சொன்னவங்க கொஞ்சம் தனி ரகமா தெரிஞ்சாங்க...”

“எங்கிட்டயுந்தான் சொல்லுச்சு” என்று பக்கத்திலிருந்து மீரான் நானா தலையை நீட்டினார். “நான் தே கலக்கிக் குடுத்தேன். நீ ஏன்பா சைக்கிளோட தோல உரிச்ச?”

செல்லையா அசரவில்லை. சாயத்தைத் தகட்டால் சுரண்டி, கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, மூன்று வகை உப்புத்தாளால் இரண்டு நாள் ஓயாமல் தேய்த்திருந்தான். வெற்றிரும்பு மூடுபனிக்குள் புகுந்த வெயிலைப்போல் மங்கிய ஒளி வீசியது.

“எல்லாம் ஒரே பக்கமா, கொழாயோட போக்குல தேச்சது. குறுக்க ஒரு கோடு இருந்தாக் காட்டுங்க.”

அவள் குனிந்து தேடினாள். ஒரு கோடுகூட இல்லை. அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சலை ஊட்டியது.

“அழகு பாக்கவா குடுத்தேன்? எங்க மலைப் பனிக்கு ரெண்டே நாள்ல முழுசா துருவேறிடும். இப்பவே பச்ச அடிங்க!”

“இந்த மழையில பச்ச காய மூணு நாளாகும். நெறமே இல்லாத பூச்சு ஒண்ணு இருக்கு, கிளியர். நாளைக்கு அடிச்சு, பக்கத்து ரொட்டிக்கடை அடுப்புச் சுவத்துச் சூட்டுல சாச்சு வச்சாக் காஞ்சிரும். துரு கிட்ட வராது. ஐயையோ, தொடாதீங்க! பூசாத இரும்புல ஈரக்கை பட்டா...”

“என் சைக்கிளு! தொடுவேன்!” என்று சாய்ந்த குழாயை நனைந்த கையால் இறுகப் பற்றினாள் பவளம். செல்லையா பல்லைக் கடித்துக்கொண்டான்.

“திங்கக்கிழம ஏழரைக்கு இது ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். இல்லாட்டி என் மூஞ்சிலயே முழிக்காதீங்க!”

“முழிக்கணும்னு ஆசையா இருந்தா?”

“ஏழரைக்கு!”

ஞாயிற்றுக்கிழமை அவள் தாய் இராசம்மா, “ஒரு எட்டு டவுனுக்குப் போயி, அந்தப் பையன்கிட்டத் தன்மையாச் சொல்லிட்டு வாயேன்டி” என்றாள். “அந்த ஆளுகிட்ட நானா? முடியாதும்மா!” என்றாள் மகள். குற்றம் அவனுடையது, அவளேன் இறங்கிச் செல்ல வேண்டும்? அவ்வாறு உறுதிபூண்டவள் சோறு உண்ணும்போதும், துணி மடிக்கும்போதும், குறுக்குக்கோடு இல்லாத அந்தக் குழாயையே நினைத்தாள். குழாயை மட்டுமா... சே! என்ன தொல்லை இது!

திங்கட்கிழமை ஏழரை மணி கடந்தது. ஏழே முக்காலும் கடந்தது. மலைச்சரிவெங்கும் பனி. அவன் வரவில்லை. வேலையும் போயிற்று, மிதிவண்டியும் போயிற்று என்று அவள் கண்கள் கலங்கியபோது, பனியைக் கிழித்துக்கொண்டு செல்லையா வந்தான். மிதிவண்டியின் மீதேறி அல்ல. மிதிவண்டியைத் தோளில் ஏற்றி!

“தூக்கிட்டா வர்றீங்க? ஆறு மைலு!”

“வழி முழுக்கச் சேறு. உருட்ட மனசு வரல. அதான் நேரமாயிருச்சு...”

மூச்சு வாங்க இறக்கி வைத்தான். ரொட்டி மணம் வீசியது. பவளத்தின் பார்வை சாய்ந்த குழாயில் நிலைகுத்தியது. அங்கே ஐந்து செந்நிறத் தடங்கள்.

“துரு! எல்லாத்தயும் தேச்ச மனுசன் இத மட்டும் ஏங்க விட்டீங்க?”

“அது துரு இல்லீங்க... உங்க கை.” அவன் குரல் தாழ்ந்தது. “சனிக்கிழம நீங்க புடிச்ச எடம். மறுநாள் பாத்தா அஞ்சு வெரலும் அப்படியே பூத்திருந்துச்சு. உப்புத்தாள எடுத்தேன்... தேய்க்க மனசு வரல. அது மேலயே கிளியரப் பூசிட்டேன். இனிமே அது பரவவும் செய்யாது, அழியவும் செய்யாது. எனக்கு... உங்களப் புடிச்சிருக்கு.”

கன்னம் சுட்டது அவளுக்கு. இதைச் சொல்ல இவனுக்குக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்! எதிரே கிராணியார் பழனியப்பன் குடையுடன் வந்துகொண்டிருந்தார்.

அவர் மணியை அடித்தார். பிரேக்கை அழுத்தினார். இருக்கையை ஆட்டிப் பார்த்தார். பின்னர் படிவத்தை விரித்துப் புருவத்தை நெரித்தார்.

“எல்லாம் சரிதான். இது என்னா கலரும்மா? அத எழுதாம துரைகிட்ட அனுப்ப முடியாதே.”

பவளம் அந்தத் தடங்களின்மேல் மெல்லக் கையை வைத்தாள். ஐந்து விரல்களும் பிசகாமல் பொருந்தின.

“கோசோங், ஐயா” என்றாள், கிராணியாரைப் பாராமல்.

அவர் வாய்விட்டுச் சிரித்து, அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டார். “போ, வேலையப் பாரு.”

அவர் தலை மறைந்ததும், “அப்ப எனக்குப் பதிலு?” என்றான் செல்லையா.

“ஞாயித்துக்கெழம உங்கம்மாவக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. தே தர்றேன். சீனி போட்டு.”

“சீனின்னது தேத்தண்ணிக்கு மட்டுந்தானே? இந்தத் தடவ நல்லாக் கேட்டுக்கிறேன்...”

“கடவுளே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் பவளம். “எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு! போதுமா? இப்ப லோரி ஒண்ணும் வரலயே? காதுல விழுந்துச்சா?”

விழுந்தது. அப்போது மருத்துவமனைக் கடிகாரத்தில் மணி எட்டு; அதன்மேல் பதினான்கு நிமிடம்.