அழித்த விலாசம்

அழித்தாகிவிட்டது என்று சொன்ன விலாசம் திரும்ப வந்திருந்தது.

மாளவிகா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லேப்டாப்பை மறுபடி பார்த்தாள். பெருங்களத்தூரில் அவள் ஒளிந்திருக்கும் இந்த வீடேதான். கதவு எண், தெரு, எல்லாம். போன வாரம் புரோகிராமைச் சோதிக்க ஒரு விலாசம் தேவைப்பட, கை போன போக்கில் தன்னுடையதையே அடித்துத் தொலைத்திருந்தாள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய புராஜெக்ட். மேலே அழித்தாலும், யார் எதை எழுதினார்கள் என்று பதிவாகும் பழைய ஹிஸ்டரியில் அப்படியே கிடக்கும். அவள் கையை ஒடித்த கணவன் சூர்யநாராயணனும் இதே தொழில்தான். அவளைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஹிஸ்டரியோட சுத்தமா தொடைச்சிட்டேம்மா. நிம்மதியா இரு" என்றிருந்தார் டீம் லீட் ஜெயகிருஷ்ணன். வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான்.

மழை விட்டிருந்தது. ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் பக்கத்து வீட்டுத் தாளிப்பு நெடியும் கலந்து மூச்சை அடைக்க, ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் இரைச்சல் தூரத்தில் தேய, சமையலறை இருட்டு மெல்ல ஹாலுக்குள் நீண்டுகொண்டிருந்தது. முழு ஹிஸ்டரியையும் மறுபடி தேடினாள்.

விலாசத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி. 'பின்கதவுத் தாழ்ப்பாள் லூஸ்.' பக்கத்தில், எழுதியவர் பெயர்: ஜெயகிருஷ்ணன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேன் மாட்ட வந்தபோது அவரிடம் மட்டும் சொன்னது.

போன் போட்டாள்.

"அண்ணா, அது போகலை."

"பழசு காட்டுதும்மா. ரெஃப்ரெஷ் பண்ணு."

"தாழ்ப்பாள் எப்படிண்ணா அதுல வந்துது?"

ஜெயகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"மாளவிகா, அவன் என் கால்ல விழுந்து அழுதாம்மா. எத்தனை நாளைக்குத்தான் ஓடுவே? ஒரு தடவை பேசிடுங்களேன்."

"உங்களை நம்பித்தானேண்ணா..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான்."

பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. போனுக்குள்ளும்.

கட் செய்தாள். விரல் தானாக ரெஃப்ரெஷைத் தட்டியது.

இன்னொரு வரி.

'பச்சை சுடிதார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.'

எழுதியவர்: சூர்யநாராயணன்.

குனிந்து பார்த்தாள். பச்சை.

திரும்பினாள். யாரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

பின்வாசற்படியில் இரண்டு ஜோடி செருப்பு. மரியாதையாக, ஓரமாக, கழற்றி வைத்திருந்தது. ஒன்றின் வார், கணவனுக்கு அவளே கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தது.

ஈரக் காலடிகள் உள்ளே வந்திருந்தன.

வெளியே போகவில்லை.