கறுத்துப்போன அரைஞாண்

1987 ஆகஸ்ட். செவ்வாய்க்கிழமை, காலை 6.10.

அஸ்தினாபுரத்துக்கு அப்பால் ஏரிக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. கனகவல்லி ஆட்களை விலக்கிக்கொண்டு போனாள். கோரைப்புல்லில் குப்புறக் கிடந்தவன் அவள் புருஷன் குப்புராஜ். முந்தின நாள் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு தோல் கம்பெனிக்குக் கிளம்பியவன், வீடு திரும்பவே இல்லை.

போலீஸ்காரர் உடலைப் புரட்டினார். இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கரி பூசினது மாதிரிக் கறுத்திருந்தது. கனகவல்லி குனிந்து பார்த்தாள். சனிக்கிழமை அவன் எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது அவளேதான் அதைத் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டாள். பளிச்சென்று இருந்த கொடி அது.

"செய்வினைதான். வேற இன்னா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

குடித்துவிட்டு ஏரியில் விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அடக்கம் வரைக்கும் எல்லாவற்றையும் கூட நின்று பார்த்தவர் கம்பெனி மேஸ்திரி வேதாசலம். அவர் அழுத அழுகை, கூடப்பிறந்தவன்கூட அப்படி அழுதிருக்க மாட்டான்.

புதன்கிழமை, மாலை 4.00.

வேதாசலம் வீட்டுக்கு வந்தார்.

"இந்தாம்மா, கேட் ரெஜிஸ்டர்ல அவன் பேரே இல்ல. திங்கக்கெழமை வேலைக்கு வரல. நாளைக்குத் தாம்பரத்துல ஒரு பேப்பர் அடிச்சுத் தரேன், ரேகை வச்சுடு. மொதலாளி மனசு வச்சு ஏதோ குடுப்பாரு."

"அது வேலைக்குத்தான் போச்சுண்ணா. தூக்கு எடுத்துகினு போச்சே."

வேதாசலத்தின் முகம் மாறியது. அழுக்கேறிய வேல் மோதிரம் போட்ட விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"வெளிய அப்படிப் பேசாத. போலீஸு உன்னியே புடிச்சுக் கேப்பான், பேஜாராயிடும். உன் தம்பி ரவிக்கு நாளைக்கே வேலை போட்டுக்கீறேன். பத்து மணிக்குத் தொட்டி கழுவணும். அதையும் கெடுத்துக்காத." வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கறுத்த கொடி வூட்ல வாணாம். ஏரில எறிஞ்சுடு. ஆகாது."

அவளுக்கும் அதைத் தொடவே பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எறிய மனம் வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை, காலை 9.20.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் யூனிஸ் டைப் அடிக்கும் கடை. நஷ்டஈட்டு வழக்கு நடத்தும் வக்கீல்களுக்குப் பதினைந்து வருஷமாக மனு அடித்துக் கொடுப்பவள். நாலு கேள்வி கேட்காமல் ஒரு கமாகூடப் போடமாட்டாள் என்று வக்கீல்களே அவளிடம் அலுத்துக்கொள்வார்கள்.

கனகவல்லியைப் பக்கத்தில் உட்காரவைத்து வேதாசலம் சொல்லச் சொல்ல யூனிஸ் அடித்தாள். "என் கணவர் திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை..." விரல்கள் நின்றன.

"நீங்க பார்த்தீங்களா மேஸ்திரி?"

"நான் அன்னிக்குக் கம்பெனிலயே இல்ல. குன்றத்தூர் கோயில்ல இருந்தேன்."

"அப்ப வரலைன்னு எப்படித் தெரியும்?"

"ரெஜிஸ்டர் கீதும்மா. நீ அடி."

கூலி கொடுக்கக் கனகவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சில்லறையோடு அரைஞாணும் மேஜையில் விழுந்தது. யூனிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எப்போ கறுத்துச்சு?"

"சனிக்கெழம வெள்ளையாத்தான் இருந்துச்சுக்கா. நான்தான் தேச்சேன். செய்வினைன்றாங்க."

"மேஸ்திரி, உங்க மோதிரமும் வெள்ளியா?"

"ஆமா. போன மாசம் குன்றத்தூர்ல வாங்கினது."

"புது மோதிரம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

வேதாசலத்தின் கை மேஜைக்கு அடியில் போனது.

"இதுல செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் யூனிஸ். "தோல் கம்பெனிக் கழிவுத் தொட்டியில விஷவாயு தங்கும். ஆளைக் கொல்லும், வெள்ளியைக் கறுக்க வைக்கும். மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு சாவு. டாக்டர் சாட்சி சொன்னதை நான்தான் அடிச்சேன். குப்புராஜ் செத்தது தொட்டியில. ஏரியில கொண்டு போட்டது நீங்க."

"ஏரித் தண்ணியும் சாக்கடைதான்! அதுல கறுத்திருக்கும்!"

"சரி. உங்க மோதிரம் எந்த ஏரியில கிடந்துச்சு?"

வேதாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"கவுறு போட்டு இழுத்தேம்மா... தொட்டி வாயில குனிஞ்சு இழுத்தேன். அதுக்குள்ள உசுரு போயிடுச்சு. கம்பெனில செத்தான்னு தெரிஞ்சா கேஸாயிடும்னாரு மொதலாளி."

அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட மனிதரைக் கனகவல்லி வெறித்துப் பார்த்தாள்.

யூனிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "கேளுங்க. வேலை செய்யும்போது வேலையால செத்தா நஷ்டஈடு கொடுத்தே ஆகணும். தினக்கூலின்னோ, ரெஜிஸ்டர்ல பேர் இல்லைன்னோ சொல்லி முதலாளி தப்பிக்க முடியாது. ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடலாம். ஏரியில விழுந்து செத்தார்னா கம்பெனிக்கு ஒரு பொறுப்பும் இல்ல. அதுக்குத்தான் இந்தப் பேப்பர்ல உங்க ரேகை வேணும்."

கனகவல்லி காதில் பாதிதான் விழுந்தது. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 9.42.

"அண்ணா, ரவி எந்தத் தொட்டி கழுவப் போய்க்கீறான்?"

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதே தொட்டிதாம்மா. ரெண்டு நாளா மூடியைத் தொறந்து வச்சிருக்கோம், ஒண்ணும் ஆகாதுன்னாரு மொதலாளி..."

யூனிஸ் அவர் சட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கம்பெனி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கனகவல்லி இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடினாள். பின்னால் எலெக்ட்ரிக் ரயிலின் ஊதல் காதைக் கிழித்தது.

காலை 10.04.

கம்பெனித் தொட்டி வாயில் ரவி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஒரு காலை ஏணியில் வைத்திருந்தான். அவள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் உருண்டார்கள்.

"இன்னாக்கா, பைத்தியமா புடிச்சிருக்கு?"

பதில் சொல்லாமல் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் அரைஞாண் வெள்ளையாகவே இருந்தது. மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

பகல் 12.30.

வேதாசலம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலாளியைக் கூட்டிவர ஜீப் போயிருந்தது. கடையில் யூனிஸ் டைப் மிஷினிலிருந்த பழைய தாளை உருவிக் கிழித்துவிட்டு, புதுத் தாள் சொருகினாள்.

"சொல்லுங்க."

கனகவல்லி கறுத்த அரைஞாணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன் திங்கக்கெழம வேலைக்குத்தான் போச்சு."