ரோஸ் சட்டை

வெள்ளைச் சட்டை ரோஸாகிப்போய், அதையே மாட்டிக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கிறான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சித்தி ஒன்றும் செய்யவில்லை. அவன் அம்மா இறந்தபிறகு அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். 'வாலு' என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பதினைந்து வயதுக்காரனுக்குச் சமையலும் துவையலும் பழக்கிக்கொண்டிருந்தாள். அவனோ பள்ளிச் சட்டைகளோடு புதுச் சிவப்புத் துண்டையும் சேர்த்து ஊறப்போட்டுவிட்டான்.

விருந்துக்கு வந்திருந்த அத்தை, அவன் அப்பாவின் அக்கா, சும்மா இருப்பாளா?

"பெத்தவளா இருந்தா இப்படி வேடிக்கை பாப்பாளா? தாயில்லாப் பிள்ளைய வேலைக்காரனாக்கிட்டியேடி... தம்பிகிட்ட சொல்லி இவனை என்கூடவே கூட்டிட்டுப் போயிடுறேன்."

"கத்துக்கட்டும்னுதான் அண்ணி..."

"கத்துக்கிட்டு என்ன, லாண்டரி வைக்கப் போறானா?"

வாலு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். சித்திக்கு அதுதான் சுருக்கென்றது. நிஜமாகவே அத்தையோடு போய்விடுவானோ?

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பசங்க கிண்டல் பண்ணாங்களா கண்ணு?"

"ரோஜாப்பூன்னு கூப்பிட்டாங்க."

"கேட்டியாடி? நீ பைய எடுத்து வைடா. என் வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூட நீ எடுக்க வேணாம். சட்டையக் கழட்டு, நான் துவைக்கிறேன்."

வாங்கித் துவைத்துப் போட்டுவிடச் சித்திக்கும் கை பரபரத்தது. முந்தானையை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவன் சட்டையைக் கொடுக்கவில்லை.

"வேணாம் அத்தை. அம்மா எங்களை ஒரு வேலையும் செய்ய விட்டதில்ல. அவங்க போனப்புறம் உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எதுன்னே எங்களுக்குத் தெரியல. உப்புப் போட்ட காப்பியைக் குடிச்சிட்டு அப்பாவும் நானும் உக்காந்து அழுதோம்... அதை நான் சொன்ன அன்னிக்குத்தான் சித்தி எனக்கு அடுப்புப் பத்த வைக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தி பக்கம் திரும்பினாள்.

"இதை நீ வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அண்ணி?"

"மாட்டேன்தான்..." என்றவள் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "பாவி, எவ்வளவு பேசிட்டேன் உன்னை..."

கொல்லையில் வாலு வெள்ளைத் துணிகளைத் தனி வாளியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவனே சட்டைக்கு இஸ்திரி போட்டான். ரோஸ் முழுதாகப் போகவில்லை. "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று சித்தியிடம் கேட்டான். கழற்றிப் போட்ட இடத்தில் பார்க்கச் சொன்னாள். அங்கேதான் இருந்தது.