மூன்று மணிக்கு வந்த வாசனை

முத்துவீரப்பன் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தான். மடியில் கிடந்த வலது கையில் பைப் இருந்தது.

"வீரப்பா, நாலு மணிக்கு வரச் சொல்லிட்டுத் தூங்கறியாலா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த பெஞ்சமின், அவன் தோளைத் தட்டினான். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பைப் நழுவித் தரையில் விரித்திருந்த பாயில் விழுந்தது. மேலாகக் கருகிய புகையிலை கொஞ்சம் பாயில் சிதறியது.

கண்கள் பாதி திறந்திருந்தன. அவை பெஞ்சமினைப் பார்க்கவில்லை.

1934, தைப்பூசத்துக்கு முந்தின வாரம். கடல் தாண்டிய அந்தத் துறைமுகத் தீவில், மெக்காலிஸ்டர் ரோட்டில் இருந்த செட்டியார் வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. வீரப்பனின் மனைவி கண்ணம்மை ஆச்சி மத்தியானமே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். சமையற்காரர் சின்னையா பாசார்ச் சந்தையிலிருந்து காய்கறிக் கூடையோடு திரும்பியபோது, ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் வாயடைத்து நின்ற பள்ளிக்கூட வாத்தியார் பெஞ்சமினைத்தான் பார்த்தார்.

ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் பாக்கியசாமி வந்தார். குள்ளமான ஆள், முன்தள்ளிய தொந்தி. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிறவர் என்றுதான் பெஞ்சமினுக்கு அவரைத் தெரியும். இவரா கண்டுபிடிக்கப் போகிறார் என்று அந்தத் துக்கத்திலும் அவனுக்குத் தோன்றியது.

கூட வந்த டாக்டர் பிணத்தின் இமையை உயர்த்திக் காட்டினார். வெள்ளை விழியில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். "மூச்சை அடைச்சுக் கொன்னிருக்காங்க. தலையணையா இருக்கலாம். ரெண்டு மணியிலேர்ந்து நாலுக்குள்ளே. அதுக்கு மேல சரியா சொல்ல முடியாது."

இன்ஸ்பெக்டர் முழங்காலிட்டுப் பாயில் சிதறிய இலையை விரலால் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறாரோ என்று நினைக்கும்படி வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு பைப்பின் வாயை முகர்ந்தார். பிறகு மேசைக்குப் போய், அங்கே இருந்த மஞ்சள் டப்பா, சிவப்பு டப்பா இரண்டையும் திறந்து முகர்ந்து மூடினார்.

"பைப் புதுப் பழக்கமா, வாத்தியாரே?"

"ஆமா ஸார். ரெண்டு பேருக்கும். தீபாவளிக்குப் பெறகுதான் ஆரம்பிச்சோம்."

"எனக்கு அதைப்பத்தி ஒண்ணும் தெரியாது. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

பெஞ்சமின் சொன்னான். பீச் ஸ்திரீட்டில் உள்ள புகையிலைக் கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். புதிதாகப் பிடிப்பவன் எந்த இலையை வாங்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியாது. கடைக்காரன் மூன்று டப்பாக்களை வரிசையாகத் திறந்து வைத்தான். மஞ்சளில் வர்ஜீனியா இலை. வெயிலில் காய்ந்த புல்லின் மணம், ஆனால் அவசரமாக இழுத்தால் நாக்கைச் சுட்டுவிடும். சிவப்பில் வெனிலா சேர்த்த கலவை. மூடியிலேயே வெனிலாப் பூவின் படம், கற்றுக்குட்டிகள் பெரும்பாலும் கேட்பது அதைத்தான். கறுப்பில் சிரியா நாட்டு இலை. விறகுப் புகையில் மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்தியது. அந்தக் கறுப்பு மூடி திறந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கண் காணாத ஒரு கரையில் யாரோ மூட்டிய நெருப்பு கடல் தாண்டி வந்து முகத்தில் அடித்ததுபோல் இருந்தது.

"மூணையும் வாங்கினோம். மொதல்ல அமுக்கி அமுக்கி நிரப்பி, பத்துத் தீக்குச்சி கிழிச்சும் எரியல. நாக்கு வெந்துபோச்சு. பெறகுதான் அடியில லேசா, மேல கொஞ்சம் அழுத்தமான்னு நிரப்பப் பழகினோம். வீட்டுல வீரப்பன் சிவப்பு டப்பாவத்தான் பிடிப்பான். எல்லாரும் பாயச வாசம்னு சொல்லுவாங்க. ஆனா அவனுக்கே பிடிக்கல. பாயசத்தைக் குடிக்கலாம், புகைக்க முடியுமான்னு கேப்பான்."

"கறுப்பு?"

"ஒரே ஒரு தடவை, எஸ்பிளனேடு கடற்கரையில பிடிச்சோம். எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. அவன் மட்டும் ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கிட்டு இருந்தான். 'பெஞ்சமின், இதுதான்லா எனக்கு'ன்னு சொன்னான்."

பெஞ்சமின் மேசையில் இருந்த சிவப்பு டப்பாவைக் காட்டினான்.

"நேத்து கறுப்பு டப்பா கீழே விழுந்து மூடி நசுங்கிப்போச்சு. இந்த ஊர் ஈரத்துல திறந்து வச்சா பூசணம் பிடிச்சிடும். அதனால சிவப்புல மிச்சமிருந்த வெனிலாவை என்கிட்ட குடுத்துட்டான். கறுப்பு இலையைச் சிவப்பு டப்பாவுல கொட்டி மூடினோம்."

"அந்த வெனிலா இப்ப எங்க?"

பெஞ்சமின் கால்சட்டைப் பையிலிருந்து தோல் பையை எடுத்துக் கொடுத்தான்.

அடுத்து சின்னையாவைக் கூப்பிட்டார்கள்.

"மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"பின்கட்டுலங்க. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். சின்ன முதலாளி வந்து ரிக்‌ஷா கூப்பிடச் சொன்னாரு."

"அந்த நேரத்துல ஏதாவது பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க. ஒரு நாத்தம்தான். இந்த விரத நேரத்துல எவன் பிளாச்சான் சுடுறான்னு கோவம் வந்துச்சு. பக்கத்து வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அங்க அடுப்பே எரியல. பெறகு பாசாருக்குக் கிளம்பிட்டேன்."

இறாலை இடித்துக் காயவைத்த பிளாச்சானைச் சுட்டால் தெருவே நாறும். அதை யார் சுட்டால் என்ன என்று பெஞ்சமினுக்கு எரிச்சலாக இருந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லச் சொன்னார்.

சின்ன முதலாளி என்பது காசிவிஸ்வநாதன். வீரப்பனின் சித்தப்பா மகன், அதே வீட்டில் இருப்பவன். துறைமுகத்திலிருந்து ஆள் விட்டு அழைத்து வந்திருந்தார்கள். அழுது சிவந்த கண்களோடு உட்கார்ந்து, மூக்குப்பொடி டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை உறிஞ்சினான். பொடி போட்டுப் போட்டு அவன் குரலே மூக்கடைத்த குரலாக இருந்தது.

"மூணு மணிக்கு நான் கிளம்பறப்ப அண்ணன் உசிரோட இருந்தாக. அப்புறம் கப்பல் ஆபீசுல நாலு பேரோட இருந்தேன். கேட்டுப் பாருங்க."

"உயிரோட இருந்ததைப் பார்த்தீங்களா?"

"கதவு சாத்தியிருந்துச்சு. ஆனா பைப் புகை வந்துச்சே. செத்தவுக பைப் பிடிப்பாகளா?"

"என்ன மாதிரி வாசனை?"

"எப்பவும் வர்றதுதான். வெனிலா. பாயசம் கொதிக்கிற மாதிரி."

"நிச்சயமா?"

"சத்தியமா."

பெஞ்சமின் இன்ஸ்பெக்டர் கையில் இருந்த தன் தோல் பையைப் பார்த்தான். வீட்டில் வெனிலா இல்லை. இருந்த வெனிலா முழுவதும் அவன் பையில் இருந்தது. மூன்று மணிக்கு இங்கே வெனிலா புகைந்திருந்தால், புகைத்தவன் பெஞ்சமினாகத்தான் இருக்க வேண்டும். வாசலில் நின்ற போலீஸ்காரன் ஓரடி எடுத்து அவனை நெருங்கினான்.

"மூணு மணிக்கு நீங்க எங்க, வாத்தியாரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடற்கரையில... தனியா நடந்துக்கிட்டு இருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல ஸார்." தன் குரல் தனக்கே பொய்போலக் கேட்டது. தூக்குக் கயிற்றை அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்தவனல்ல. இப்போது அது கழுத்தில் உரசியது.

இன்ஸ்பெக்டர் அடுப்படிக்குப் போய்ச் சின்னையாவிடம் பேசினார், பிறகு வீரப்பனின் சாவியோடு உள்ளறைக்குள் போனார். திரும்பி வந்து, "எல்லாரும் காப்பி குடிங்க. ஆச்சி வர்ற வரைக்கும் இருப்போம்" என்றார். சின்னையா தட்டில் மூன்று கோப்பைகளைக் கொண்டு வந்தார். காசிக்கும் ஒன்று. கோப்பை வந்ததுமே பெஞ்சமினின் மூக்கில் சுளீரென்று ஏதோ ஏறியது. மண்ணெண்ணெய்! அவனுடைய கோப்பையில் அல்ல, பக்கத்தில் இருந்த காசியின் சாசரில். வாசல் போலீஸ்காரன்கூட முகத்தைச் சுளித்தான். காசி சாசரோடு கோப்பையை மூக்குக்கு நேரே தூக்கி, நிதானமாக ஊதி, பாதிக் காப்பியைக் குடித்துவிட்டு வைத்தான்.

பெஞ்சமினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன் என்று அவனுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் தன் கழுத்துக்கு வந்த கயிறு வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று மட்டும் உடம்புக்குத் தெரிந்தது.

"சாசருக்கு அடியில மண்ணெண்ணெய் தடவச் சொன்னேன், செட்டியாரே," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "உங்களுக்கு வாசனை தெரியாது. எத்தனை வருஷமா?"

காசி மூக்குப்பொடி டப்பியை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"மூணு மணிக்கு இந்த வீட்டுல பைப் எரிஞ்சது உண்மை. சின்னையா மோந்திருக்கார். பிளாச்சான்னு நினைச்சிருக்கார். ஏன்னா எரிஞ்சது வெனிலா இல்ல, சிரியா இலை. இந்த வீட்டுல அதுவரைக்கும் எரியாத இலை. மூக்குள்ளவன் யாரா இருந்தாலும், டப்பாவைத் திறந்த அந்த நிமிஷமே இது வேறன்னு தெரிஞ்சிருக்கும். நீங்க மூடியில இருந்த பூவைப் பார்த்தீங்க. எல்லாரும் பாயச வாசம்னு சொல்றதைக் காதால கேட்டிருக்கீங்க. அண்ணனைக் கொன்னுட்டு, அவர் உயிரோட இருக்கார்னு காட்டறதுக்காகப் பைப்பை நிரப்பிக் கொளுத்தினீங்க. கேட்டப்ப, கண்ணால பார்த்ததை மூக்கால மோந்ததா சொல்லிட்டீங்க."

பெஞ்சமின் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனிதர் உள்ளே நுழைந்து பாயில் மண்டியிட்ட போதே பாதி தெரிந்திருக்கிறது. மீதியைக் காசியின் வாயாலேயே வரவழைத்திருக்கிறார்.

"இன்னொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "பைப்புல இலை கல்லு மாதிரி திணிச்சிருந்துச்சு. மேல மட்டும்தான் கருகியிருந்துச்சு. உங்க அண்ணன் அந்தத் தப்பை எப்பவோ விட்டுட்டார்னு வாத்தியார் சொன்னார்."

"நான் ஏன் அண்ணனைக் கொல்லணும்?" காசியின் குரல் கிறீச்சிட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளறை இரும்புப் பெட்டியிலிருந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒன்றைப் பட்டுத்துணியிலிருந்து பிரித்தார். தைப்பூசத்தன்று முருகனுக்குச் சாத்த வீரப்பன் செய்துவைத்திருந்த தங்கவேல். நடுவில் பச்சைக் கல். அதன்மேல் வாயால் ஊதினார். கல்லில் மூடுபனி படிந்தது. போகாமல் நின்றது.

"நல்ல மரகதம்னா மூச்சு பட்ட உடனே தெளிஞ்சிடும். இது கண்ணாடி. இன்னிக்கு ஆறு மணிக்கு நகை செய்யற பத்தர் வந்து சோதிக்கப் போறார்னு சின்னையா சொன்னார். பெட்டிச் சாவி உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு."

போலீஸ்காரன் காசியின் இடுப்பு வாரை அவிழ்த்து உதறினான். தையல் பிரிந்த இடத்திலிருந்து மரகதம் பாயில் விழுந்தது. சாயங்கால வெளிச்சம் அதற்குள் போய்ப் பச்சைச் சுடராக நின்றது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"பத்தர் வரவேண்டாம்னு சொல்லச் சொன்னேன்," காசி முணுமுணுத்தான். "அண்ணன் கேக்கல."

அப்போதுதான் கண்ணம்மை ஆச்சி உள்ளே வந்தாள். செட்டியார் வீட்டுப் பெண்கள் கப்பலேறுவது அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், புருஷனோடு இருக்கவேண்டுமென்று பிடிவாதமாகக் கடல் தாண்டி வந்தவள். நெற்றியில் விபூதி இருந்தது. வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவள் அலறவில்லை. வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவனைப் பார்த்தாள். விலங்கு மாட்டிய காசியைப் பார்த்தாள்.

"தம்பி, அவுக முழிச்சாகளா?"

காசி தலையைத் தொங்கப் போட்டான்.

"உங்களைத்தான் கேக்கறேன். மூச்சு முட்டினப்ப அவுக முழிச்சாகளா? உங்க முகத்தைப் பார்த்தாகளா?"

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். "இல்ல ஆச்சி. உண்ட அசதியில நல்ல தூக்கம். தூக்கத்துலயே போயிட்டார். டாக்டரும் அப்படித்தான் சொல்றார்."

ஆச்சி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதல்தடவையாக அழத் தொடங்கினாள்.

வாசலில் காசியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியிறங்கிய இன்ஸ்பெக்டரைப் பெஞ்சமின் நிறுத்தினான்.

"ஸார், அது உண்மையா? வீரப்பன் முழிக்கலியா?"

பாக்கியசாமி தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நகம் ரெண்டு ஒடிஞ்சிருக்கு, வாத்தியாரே. வலது கையைத் துணி சுத்திக் கட்டச் சொல்லியிருக்கேன். ஆச்சி கேட்டா, போலீசுல அதுதான் வழக்கம்னு நீங்களும் சொல்லுங்க."

பெஞ்சமின் தலையசைத்தான். உள்ளே திரும்பிப் போய், ஆச்சி கையைத் தேடுவதற்கு முன்னால், துணிக்கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, போர்வையை அதன்மேல் இழுத்துவிட்டான்.