வேரோனிக்கா கீழே நிற்கிறாள்

அடுக்குமாடியின் கீழ்வாசலில் யாராவது பஸ்ஸரை அழுத்தினால் வீட்டு போன் அடிக்கும். அன்று பின்னேரம் மூன்றாம் தடவையாக எடுத்தபோதும் அன்ரனெற்றுக்கு ஆள் குரல் கேட்கவில்லை. முழங்காலளவு தண்ணீருக்குள் கனபேர் கால் இழுத்து இழுத்து நடந்து வருவதுபோன்ற சளசளப்பு மட்டும் கேட்டது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு கிழமையாக மழையே இல்லை.

இலங்கையில் போர் முடிந்ததென்று அறிவித்து மூன்று நாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த வன்னிப் பிள்ளைகள் எட்டுப் பேர். 2006இல் லீவுக்கு ஊருக்குப் போன ஏழு பேரும், வன்னிக்கான பாதை பூட்டியதில் அங்கேயே அகப்பட்டார்கள். எட்டாமவள் அன்ரனெற், கலியாண விசாவுக்காகக் கொழும்புக்குப் போனவள். தானும் கூட வருகிறேன் என்ற வேரோனிக்காவை, "நீ வீட்டை போயிட்டு வா, பிறகு கூப்பிடுறன்" என்று பஸ் ஏற்றிவிட்டது அவள்தான். இன்று காலை இறந்தவர்களின் பட்டியலில் ஏழாவதாக வேரோனிக்காவின் பெயரும் வந்துவிட்டது. ஆனால் அவளின் உடலை யாரும் காணவில்லை.

போன் மறுபடி அடித்தது.

"அன்ரனெற், நான் வேரோனிக்கா. கீழை நிக்கிறன். திறவன்."

அதே குரல். அதே அவசரம். உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோசத்தில் விரல் தானாகக் கீழ்க்கதவைத் திறக்கும் ஒன்பதை அழுத்திவிட்டது. கீழ்க்கதவு திறந்த சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது. போர் முடிந்த அந்தக் கடற்கரையிலிருந்து மூன்று நாளில் ரொறன்ரோவுக்கு யார் வர முடியும்?

வேலையிலிருந்த கணவன் அகஸ்ரினுக்குப் போன் எடுத்தாள். "வேரோனிக்கா வந்திருக்கிறாளப்பா..."

"கதவைத் திறக்காதை. நான் உடனை வாறன்."

லிஃப்ட் மணி ஒலித்தது. உப்புத் தண்ணீரும் கருகிய துணியும் கலந்த நாற்றம் கதவிடுக்கால் வந்தது. காலடிகள். ஈரமான காலடிகள். ஒருத்தியுடையவை அல்ல.

நின்றன.

கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். நடைபாதை விளக்கு வெளிச்சத்தில் எதிர்ச் சுவரோரம் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். தலைமயிரில் மணல். வாய்களிலும் மணல். வேரோனிக்காவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

பூட்டு மெல்லத் திரும்பியது. அன்ரனெற் குனிந்து பார்த்தாள்.

அதைத் திருப்பிக்கொண்டிருந்தது அவளுடைய கை.